எந்தக் கல்லறை?

நெல்லித்தோப்பில் அந்த மாடி அறை மெரினுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. யுனிவர்சிட்டி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். வீட்டுக்கார பிலோமினா அம்மாளுக்கும் அவளைப் பிடித்துத்தான் போனது. "நம்ம வேதக்காரப் பொண்ணு. கோயிலுக்கு என்னோடவே வரலாம்" என்று சாவியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பிறகுதான் கூட வந்திருந்த மெரினின் அப்பாவிடம் ஊரைக் கேட்டார்.

"அந்த ஊரா? அங்க கல்லறைத் தோட்டம் ரெண்டாச்சே! உங்க அப்பாவ எதுல அடக்கம் பண்ணீங்க?"

கேள்வி எதற்கென்று மெரினுக்குப் புரிந்தது. ஒரே கோயில், ஒரே பூசை. செத்தால் மட்டும் சாதிக்கொரு மண்! அப்பா லூர்துபிரகாஷ் தரையைப் பார்த்தபடி, "ஏரிக்கரையோரம் இருக்கறதுல" என்றார்.

பிலோமினா அம்மாளின் முகம் சுருங்கியது. "அடடா, இந்த ரூம வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேனே! மறந்தே போயிட்டேன்."

"வாம்மா, போலாம்" என்று அப்பா எழுந்தார். மெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை மாதா படத்துக்கு முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"நான் தங்கிப் படிக்க ரூம் கேட்டுத்தான் வந்தேன் ஆன்ட்டி. எங்க தாத்தாவப் புதைக்க இடம் கேட்டு வரல."