பதினோராம் எண் வீடு தப்பியோடிய வரலாறு

1941 ஏப்ரல் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, ரோட்டர்டாம் உப்புக் கால்வாய்த் தெருவின் பதினோராம் எண் வீடு, முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி நின்றது. இடிக்க வந்த எட்டுப் பேரும் கடப்பாரையும் கையுமாக ஒரு பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவர்கள் கையிலிருந்த உத்தரவில் பள்ளத்தை இடிக்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை. ஆகவே கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்த வீட்டில் கெசீனா ஸ்லூட்டர் தனியாக இருந்தாள். வயது ஐம்பத்தொன்று, கணவன் கடலோடு போனவன், தொழில் கப்பல்களுக்குக் கொடி தைப்பது. வீடு நான்கு மாடி, அகலம் மூன்று ஜன்னல், முகப்பு தெருப்பக்கம் ஒரு முழம் சாய்ந்திருக்கும். அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் சாய்ந்திருந்தன. உச்சியில் நீட்டிய உத்தரத்துக் கொக்கியில் மீன் பீப்பாயைக் கட்டி மேலே இழுக்கும்போது சுவரில் இடிக்கக்கூடாது என்று முன்னூறு வருஷத்துக்கு முன் கட்டியவர்கள் யோசித்துச் செய்த சாய்வு அது. 1940 மே பதினான்காம் தேதி பகலில் கால்மணி நேரம் குண்டு விழுந்தது, அப்புறம் நாள்கணக்கில் நெருப்பு. தெருவில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் மிஞ்சியது பதினோராம் எண் வீடு மட்டும். ஏன் அது மட்டும் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியவில்லை. வீடிழந்தவர்கள் சிலர் கெசீனாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது.

எரிந்துபோன பக்கத்து வீடான பதின்மூன்றாம் எண்ணில் அவள் தங்கை நெல்லா இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒருத்தி இருமினால் மற்றவள் காதில் விழும். ஆனாலும் ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த ஊரில் எல்லாரும் கழிப்பறையில்தான் பிறந்தநாள் நாட்காட்டியை மாட்டுவார்கள். வேண்டியவர்கள் பெயரையெல்லாம் தேதிவாரியாக எழுதி வைத்தால், தினமும் உட்காரும்போது கண்ணில் படும், வாழ்த்தத் தவறாது. 1931இல் ஒரு ஞாயிறு காப்பி குடிக்க வந்த நெல்லா, கழிப்பறைக்குள் போய் நவம்பர் மாதத்தைப் புரட்டிப் பார்த்தாள். பால்காரன் பெயர் இருந்தது. பாதிரியாரின் மச்சினி பெயர் இருந்தது. ஒன்பதாம் தேதிக்கு நேரே வெறும் வெள்ளைத் தாள். வெளியே வந்தவள் கோப்பையைத் தொடாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கூடப் பிறந்தவளின் பிறந்தநாளை எழுதி வைத்தா நினைவு வைக்க வேண்டும் என்பது கெசீனாவின் கட்சி. அதை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, வீம்பு.

நெருப்பு அடங்கியபின் கெசீனா வெளியே வந்து பார்த்தாள். பதின்மூன்று இல்லை. அதன் சுவர் மட்டும், அதாவது தன் சுவரின் அந்தப் பக்கம், வெயிலில் நின்றது. ஒன்பது வருஷம் காதால் மட்டும் கேட்ட அறைகளை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். நீலப்பூப் போட்ட சுவர்த்தாள், அடுப்பு இருந்த இடத்தில் கரிப்படலம், இரண்டாம் மாடி உயரத்தில் ஓர் ஆணியில் நெல்லாவின் நாட்காட்டி. ஏணி வாங்கி வந்து ஏறினாள். ஓரம் கருகியிருந்தது. மார்ச் மாதத்தைப் புரட்டினாள். இருபத்திரண்டாம் தேதியில் ‘கெசீனா’ என்று இருந்தது, கோடு போட்டு அடிக்கப்படாமல். ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். இறங்கி வந்து கொடியில் குறி போடும் பென்சிலை எடுத்து, தன் நாட்காட்டியில் நவம்பர் ஒன்பதுக்கு நேரே ‘நெல்லா’ என்று எழுதினாள்.

நெல்லா செத்தவர்கள் பட்டியலில் இல்லை, பிழைத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவாள். தட்டும்போது கதவு இருக்க வேண்டும், அந்தப் பெயரை அவள் பார்க்க வேண்டும். கெசீனாவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தெருவே இல்லாத இடத்தில் அகலமான சாலை போடத் திட்டம் வந்துவிட்டது. மிஞ்சிய கட்டடங்களைக் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்து, பதினோராம் எண்ணுக்கு நேரே ‘முகப்பு சாய்வு’ என்று எழுதிப் போனார். அந்த ஊர்ப் பேச்சில் முகப்புச் சாய்வுக்கும் உயிர் தப்பி ஓடுவதற்கும் ஒரே சொல்தான், ஃப்ளுக்ட். நடுவே ஒரு துக்கடாச் சொல் சேர்ந்தால் முதலாவது இரண்டாவதாகிவிடும். அலுவலகத்தில் படியெடுத்த பொத்ஹோஃப் என்ற எழுத்தர் அந்தத் துக்கடாவைச் சேர்த்துவிட்டார். பதிவேட்டில் வீடு ‘தப்பியோடிக்கொண்டிருப்பதாக’ ஏறியது, முத்திரையும் விழுந்தது. அரசாங்கத் தாளில் ஏறியபின் வீடு மட்டும் என்ன செய்யும்? ஓட ஆரம்பித்தது.

ஓட்டம் என்றால் நாளுக்கு நூறு அடிக்குள்தான். சேற்றுக்குள் அடித்திருந்த பைன் மரத் தூண்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வைத்து நடந்தது. மரம் காய்ந்தால் உளுத்துவிடும் என்பதால் கால்வாய் ஓரமாகவே போனது. பக்தியான தெருவில் வளர்ந்த வீடு, ஞாயிற்றுக்கிழமை அசையாது. நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் தேடி வந்தபோது தானியக் கிடங்கு ஒன்றின் பின்னால் குனிந்து நின்றுகொண்டது. அக்கம்பக்கத்தார் காட்டிக்கொடுக்கவில்லை. சைக்கிள் பாதையை மறிக்கிறது என்று மட்டும் முணுமுணுத்தார்கள். கெசீனாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் வேறு மரம், வேறு படகு. நின்றால் இடிப்பார்கள், நடந்தால் நெல்லாவுக்கு வழி தெரியாது. பழைய பள்ளத்தின் கரையில் ஒரு பலகை நட்டு, புது இடத்தை வாரத்துக்கொருமுறை போய் எழுதினாள். குளிர்காலத்தில் யாரோ பலகையைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். மறுபடி நட்டாள், மறுபடி எரித்தார்கள்.

போர் முடிந்த மறு வருஷம், 1946 ஜூலையில், விலாங்கு மீன் விற்கும் க்ரைன் வந்து கதவைத் தட்டினான்.

“ஒங்க பழைய எடத்துல ஒரு பொம்பளையப் பாத்தேங்கா. குழிகிட்டயே ரொம்ப நேரம் நின்னுச்சு. எங்கக்கா வீடு இங்கதான இருந்துச்சுன்னு கேட்டுச்சு.”

கெசீனா கையிலிருந்த கொடியைக் கீழே போட்டாள். “நீ என்னடா சொன்ன?”

“ஆமாம்மா, போயிருச்சுன்னேன்.”

“போயிருச்சுன்னா?”

“போயிருச்சுன்னா... போயிருச்சுதானக்கா? நடந்துதான போச்சு?”

“அட படுபாவி! எங்க போச்சுன்னு சொன்னியா?”

“அது கேக்கலியே. அழுதுக்கிட்டே படகேறிருச்சு. தெக்க போற படகு.”

கெசீனா அவனை அடிக்கத் துடைப்பம் தேடினாள். கிடைப்பதற்குள் அவன் மீனை விட்டுவிட்டு ஓடிவிட்டான். அன்று இரண்டு தரம் அவளுக்கு அழுகை வந்தது. முதல் தரம் நெல்லா உயிரோடு இருக்கிறாள் என்று. இரண்டாவது, தான் செத்துவிட்டதாக அவள் நினைத்துப் போகிறாள் என்று.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் பொத்ஹோஃப் எதிரே உட்கார்ந்தாள். பதிவைத் திருத்து, வீடு பழைய இடத்துக்கே போய் நிற்கட்டும் என்றாள்.

“திருத்திரலாம்மா. ஆனா நின்னா நாளைக்கே இடிப்பாங்க. ரோடு அது வழியாத்தான் போகுது.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

பொத்ஹோஃப் கெட்டவர் அல்ல. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்க ஒரு கட்டம் காலியா கெடக்கு பாருங்க. தப்பி ஓடுறவங்க யாருகிட்ட போறாங்கன்னு எழுதணும். அஞ்சு வருஷமா யாருமே எழுதல. அதான் திக்கு தெரியாம அலையுது போல.”

“தங்கச்சிகிட்டன்னு போடு.”

“விலாசம்?”

“தெரிஞ்சா நான் ஏன் ஒன்கிட்ட வந்து ஒக்காந்திருக்கேன்?”

‘தங்கையிடம், விலாசம் தெரியாது’ என்று அழகான கையெழுத்தில் எழுதி முத்திரை குத்தினார். அன்று பிற்பகலே வீடு தெற்கே திரும்பியது.

அதன்பின் ஆறரை வருஷம். வீடு ஆறுகளை நீர் வற்றும் நேரம் பார்த்துக் கடந்தது, ஒவ்வொரு சிற்றூரிலும் சில மாதம் நின்று விசாரித்தது. வீடு எப்படி விசாரிக்கும் என்று கேட்டால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வந்தவர்களிடம் கெசீனா கேட்பாள். இரண்டு நெல்லாக்கள் கிடைத்தார்கள், இரண்டு பேரும் வேறு நெல்லாக்கள். தபால்காரர்கள் ‘நடக்கும் பதினொன்று, தெற்கு’ என்று போட்ட கடிதத்தைக்கூடச் சரியாகச் சேர்த்தார்கள். பாலக் காவலர்கள் பாலத்தைத் தூக்கி வழிவிட்டார்கள். கெசீனாவுக்கு அறுபது தாண்டியது. ஆடிக்கொண்டே இருக்கும் தரையில் தைத்துத் தைத்துத் தையல் கோணலாகிவிட்டது. சில நாள் வீட்டுச் சுவரைக் கையால் அடித்து, “இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கக் கூடாதா?” என்று திட்டுவாள். பென்சில் எழுத்து மங்க மங்க அதன்மேலேயே எழுதினாள்.

1953 பிப்ரவரி முதல் தேதி கடல் அணைகளை உடைத்துக்கொண்டு தீவுகளுக்குள் வந்தது. வீடு அப்போது ஒரு தீவின் உள்மேட்டில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை. கெசீனா பைபிளின் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தபோது தரை அசைந்தது. “இன்னைக்கு ஞாயிறுடா!” என்று அதட்டினாள். வீடு கேட்கவில்லை. அதுவரை இல்லாத வேகத்தில் வெள்ளத்துக்குள் இறங்கியது. கூரைகளில் ஜனங்கள் குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். வீடு ஒவ்வொரு கூரையருகிலும் போய் முகப்பைச் சாய்த்து நின்றது. மச்சு ஜன்னலிலிருந்து கெசீனா கொக்கியை இறக்கினாள். முன்னூறு வருஷத்துக்கு முன் பீப்பாய்க்காகச் செய்த சாய்வு, ஒருவர்கூடச் சுவரில் இடிபடவில்லை. முகம் பார்க்க நேரமில்லை. ஏறியவர்களும் கூடக் கைகொடுத்து இழுத்தார்கள். ஒரு வெங்காயக் கொட்டகைக் கூரையிலிருந்து பத்தொன்பதாவதாக வந்தவள், அக்குளில் ஒரு கோழியோடு வந்தாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“வீடு போயிருச்சுன்னாங்க” என்றாள் நெல்லா.

“போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்றாள் கெசீனா.

கூரைகளில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். பிற்பகலுக்குள் நாற்பத்து மூன்று பேர் ஏறிவிட்டார்கள். எல்லாருக்கும் உலர்ந்த கொடிகளைப் போர்த்தினாள் கெசீனா. கழிப்பறைக்கு முன் வரிசை நின்றது. நெல்லாவும் வரிசையில் நின்றாள். கெசீனா சமையலறையில் பாத்திரத்தை வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள் வரவேயில்லை. வெளியே நின்றவர்கள் முனகினார்கள், ஒரு குடியானவன் கதவைத் தட்டினான். கடைசியில் தாழ் திறந்தது.

“பென்சில்ல எழுதியிருக்க” என்றாள் நெல்லா.

“மை கெடைக்கல.”

“முப்பத்தொண்ணுல கெடச்சுச்சே. பால்காரனுக்குக் கெடச்சுச்சே.”

“மனசுல இருக்கறத யாராவது எழுதி வைப்பாங்களாடி?”

“எழுதி வைக்கணும்க்கா.” நெல்லா மூக்கைத் துடைத்தாள். “மனசுக்குள்ள வந்து நான் எப்பிடிப் பாக்குறது?”

 கெசீனா அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“காப்பி போடு. அன்னைக்கி விட்டுட்டுப் போனது” என்றாள் நெல்லா.

அந்த ஊர் வழக்கம் காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட், பிறகு டப்பாவை மூடிவிடுவார்கள். நாற்பத்திரண்டு பேருக்கும் அப்படியே நடந்தது. நெல்லா எடுத்தபின் கெசீனா டப்பாவை மூடவில்லை, மேஜையில் திறந்தபடியே வைத்தாள்.

வெள்ளம் வடிந்தபின் வீடு அந்த மேட்டிலேயே நின்றுவிட்டது. வசந்தத்தில் தீவின் சபை ஓர் ஆளை அனுப்பி அளந்து, புது எண் கொடுத்தது. நூல்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு அவர் ‘முகப்பில் சாய்வு எதுவும் இல்லை’ என்று எழுதினார். அதனால் இப்போது கொக்கியில் வெங்காய மூட்டை ஏற்றும்போதெல்லாம் சுவரில் உரசிக் கிழிகிறது. மூட்டையை யார் ஒழுங்காகக் கட்டவில்லை என்று அக்காவும் தங்கையும் தினமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.