நினைத்த இடத்தில் நிற்கும் ரயில்

மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு. சட்டப்படி அது கொலை இல்லை, எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறவனின் தலையெழுத்து. முதல் ஆள் தண்டவாளத்தில் படுத்திருந்தார். இரண்டாமவர் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார். மூன்றாவது நீலப் புடவை கட்டிய ஒரு பெண். பிளாட்பாரத்திலிருந்து நிதானமாக இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல என்னைப் பார்த்து நின்றாள். பிரேக்கை முழுதாகப் போட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தேன். வண்டி அவளைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் போய்த்தான் நின்றது. முன்கண்ணாடியைக் கழுவிவிட்டு வேறு டிரைவரை ஏற்றி வண்டியை அனுப்பினார்கள்.

அன்று ஓய்வறையில் எங்கள் வண்டியின் கார்டு என் தோளைத் தட்டி, "விடுய்யா, அவளா வந்து விழுந்தா, நீ என்ன பண்ணுவ?" என்றார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அவர் மூக்கை உடைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுப் புத்தியும் கிடையாது. மூன்று மாதம் கட்டாய விடுப்பு கொடுத்தார்கள். அது முடிகிற வியாழக்கிழமை ரயில்வே டாக்டர் என்னைப் பார்த்து, கோபம் அடங்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் மறுபடி எஞ்சின். போடாவிட்டால் ஷெட்டில் உட்கார்ந்து கருவிகளுக்கு நம்பர் எழுதும் வேலை. பத்தொன்பது வருடம் எஞ்சினில் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

அந்த மூன்று மாதமும் என்னைக் காப்பாற்றியது வீட்டின் பின்னறையில் இருந்த குட்டி ரயில். அது எனக்கும் என் மைத்துனனுக்கும் பொதுச் சொத்து. அவன் பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவன். ஊருக்கே பொய்ப்பல் செய்பவன் என்பதால் வீட்டில் அவனுக்குப் பல்லுக்காரன் என்றே பெயர். லேபிலிருந்து பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் கொண்டுவந்து மலை கட்டினான். பல் துளைக்கும் ஊசியால் சிக்னல் கம்பத்துக்குத் துளை போட்டான். அரைவிரல் உயர மனிதர்களுக்குப் புருவம் வரைவான். நான் தண்டவாளம், அவன் உலகம். அப்படித்தான் பங்கு பிரித்திருந்தோம்.

ஆசை ஆகாயத்தளவு, அறை பத்துக்குப் பன்னிரண்டு. பதினெட்டுப் பெட்டி இழுத்தவன் ஐந்து பெட்டிக்கு ஒப்புக்கொண்டேன். வளைவை நெருக்கிப் போட்டதில் பெட்டிகள் திரும்பும்போது வயிறு வெளியே தள்ளிக்கொண்டு போகும், பார்க்கச் சகிக்காது, ஆனால் சுவரை இடிக்க மனைவி விடவில்லை. தண்டவாளம் போட்ட பலகை அறையைச் சுற்றி வந்து வாசலையும் மறித்தது. எவராக இருந்தாலும் தவழ்ந்துதான் உள்ளே வரவேண்டும்.

மனிதர்கள் விஷயத்தில்தான் பெரிய சண்டை. பிளாட்பாரத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்றேன்.

"ஆளே இல்லாத ஸ்டேஷனா? காலரா வந்த ஊர் மாதிரி இருக்கு மாமா," என்றான்.

"உனக்குப் புரியாது மாப்ளே."

"சரி, நிக்க வேணாம். பெஞ்சுல உக்காந்திருக்கட்டும். ரெண்டு விரல் தள்ளி. பசை போட்டு ஒட்டிடறேன், எந்திரிக்கவே மாட்டாங்க."

சிரித்துவிட்டேன். உட்கார்ந்த மனிதர்களுக்குச் சம்மதித்தேன்.

எனக்கு அதில் என்ன இன்பம் என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இடப்பக்கம் திருப்பினால் வண்டி நின்றுவிடும். அந்தக் கணமே, அந்த இடத்திலேயே. உலகத்தில் நான் நினைத்த இடத்தில் நின்ற ஒரே ரயில் அதுதான். ஒரு நாளைக்கு நூறு தடவை ஓட்டுவேன், நூறு தடவை நிறுத்துவேன். நிற்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு தாடை பிழைத்திருக்கும்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்திய ஞாயிறு காலையில் பல்லுக்காரன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"மாமா, எஞ்சினுக்கு ஒரு வேலை பண்ணியிருக்கேன். ஓட்டிப் பாருங்க, அசந்துடுவீங்க."

ஓட்டினேன். வண்டி வழக்கத்தைவிட மெதுவாக வேகமெடுத்தது. மலையைச் சுற்றிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது. அப்போது பார்த்தேன். பெஞ்சிலிருந்த ஒரு பெண் பொம்மை பசை விட்டு, சரிந்து, உருண்டு தண்டவாளத்தின்மேல் கிடந்தது. நீல உடை. பதறவில்லை, குமிழைத் திருப்பினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் திருப்பினேன், குமிழ் முட்டிக்கொண்டு நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டே வந்தது, வந்துகொண்டே இருந்தது. என் வலது கை இல்லாத ஹாரனைத் தேடிக் காற்றில் அழுத்தியது.

எஞ்சின் அவளை இழுத்துக்கொண்டு போய் இரண்டாக்கி, தடம் புரண்டு சாய்ந்தது.

பின்னால் கைதட்டல். "பாத்தீங்களா மாமா! நிஜ ரயில் மாதிரியே தள்ளிப் போய் நிக்குது! சின்ன எலக்ட்ரானிக் சிப்புதான், எஞ்சினுக்குள்ள மாட்டிட்டேன். மறுபடி வேலைக்குப் போறீங்கல்ல, அதுக்கு என் பரிசு!" அவன் பொம்மையைப் பார்க்கவே இல்லை.

முதல் அடி வாயில் விழுந்தது. பல் என் விரல்முட்டியில் குத்தியது. அவன் சிரிப்பு மாறுவதற்குள் இரண்டாவது. பின்னால் சாய்ந்து மலைமேல் விழுந்தான். பிளாஸ்டர் நொறுங்கி முகமெல்லாம் வெள்ளை, அந்த வெள்ளையில் சிவப்பு. சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. அவன் திருப்பி அடிக்கவில்லை. முகத்தை மறைக்கவும் தெரியவில்லை, பொம்மை செய்கிற அந்தக் கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "நிறுத்துங்க மாமா," என்றான். தெளிவாகக் கேட்டது. அடித்தேன். தாடை ஒரு சத்தம் போட்டது. தலையைப் பிடித்துப் பலகை விளிம்பில் மோதினேன். புல்லுக்காகத் தூவியிருந்த பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் ரத்தத்தைக் குடித்துக் கறுத்தது. மறுபடி அடித்தேன்.

என் மனைவி வாசல் பலகைக்கு அடியில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். எழுந்ததும் என் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்புவரை கடித்தாள். அப்போதுதான் விட்டேன். "அவன் என் தம்பிடா!" என்றாள். பதினாறு வருடத்தில் என்னை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் பல்லுக்காரனின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். பேச முடியாது. எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினான், ஏணியிலிருந்து விழுந்தேன் என்று. எனக்கும் ஒரு காகிதம் எழுதினான். "டாக்டர்ட்ட எதுவும் சொல்லிடாதீங்க மாமா. நீங்க வண்டி ஓட்டணும்." கால்மாட்டில் நின்று அதைப் படித்தேன். அவன் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்து, போங்க என்று கையசைத்தான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாலு நாளும் என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை கூடவே வந்தாள். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"தூக்கம்?" என்றார் டாக்டர்.

"வருது."

"கோபம்? நீங்க சொல்லுங்கம்மா, வீட்ல எப்படி?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்," என்றாள் என் மனைவி, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு. "பொம்மை ரயில் ஓட்டுவாரு. அவரு பாட்டுக்கு இருக்காரு."

டாக்டர் சிரித்தார். படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். நான் கேட்டது அதுதான், மூன்று மாதமாகத் தவம் கிடந்தது அதற்குத்தான். இன்னும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால் எஞ்சின் என்னுடையது. ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். எனக்கு என்னை நினைத்தே பயமாக இருந்தது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். முட்டிகள் நாலும் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன. மணிக்கட்டில் என் மனைவியின் பற்கள் பதிந்திருந்தன.

டாக்டரின் பேனா நின்றது. "என்ன இது?"

"என் மச்சானை அடிச்சேன் டாக்டர். ஏணியில இருந்து விழுந்தேன்னு எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். நிறுத்துங்கன்னு அவன் சொன்னது என் காதுல நல்லா விழுந்துச்சு. அதுக்கப்புறமும் நான் ஏழு அடி அடிச்சேன். கையெழுத்துப் போடாதீங்க."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து, நாலு நாளுக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு இல்லை, எட்டு," என்றாள். "பலகைக்கு அடியில வரும்போது எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."