கல்லேற்றிய படகு

இருபத்து மூன்றாவது கல்லைப் படகினுள் இறக்கியபோது, அதன் விளிம்பு நீருக்கு மேலே ஒரு விரற்கடை அளவே எஞ்சியிருந்தது. இன்னும் ஒரு கல் போதும். பன்னிரண்டு ஆண்டுகளாக இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிய படகோட்டிக்கு, எவ்வளவு பாரத்தில் தன் படகு மூழ்கும் என்பது அத்துப்படி. அந்த அறிவை அதுவரை அதைக் காப்பாற்றவே பயன்படுத்தியிருந்தான். குறுநிலத் தலைவர் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, கணுக்கால் அளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். பேரரசின் வரிப்படை எதிர்க்கரையில் கூடாரம் அடித்துவிட்டது. அது கடந்து வருவதற்கு இந்த ஆற்றில் ஒரு பலகைகூட மிதக்கலாகாது. எரித்துவிடச் சொல்லியிருந்தவரிடம், மூழ்கடிக்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டவன் அவன்தான். நீருக்கடியில் கிடக்கும் மரம் உளுத்துப்போகாது. கல்லை எடுத்தால் எழுந்துவிடும்.

"பொண்டாட்டி அந்தக் கரையிலதான இருக்கா?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா, அம்மா வீட்டுல. ஒன்பதாம் மாசம்."

"கூட்டிட்டு வந்துட்டு முக்கியிருக்கலாமேப்பா."

"நேத்து போனேங்கய்யா. துறை முழுக்கப் படை. பாதி ஆத்துலயே திரும்பிட்டேன்."

"அந்த ஊர்க்காரங்க வரி கட்டிட்டாங்க. அவங்கள ஒண்ணும் பண்ணமாட்டான்," என்றார் தலைவர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவனால் அவரை நொந்துகொள்ளவும் இயலவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் மனைவியை அக்கரையில் இறக்கியபோது, பேரரசின் வரிக்காரன் அவள் வயிற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு தலைக்கு வரி கேட்டான். இவனும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். மறுநாள் தலைவரின் கூடத்தில் அதை அந்த வரிக்காரனைப் போலவே மூக்கால் பேசி நடித்துக் காட்டினான். கூடமே வயிறு வலிக்கச் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளஞ்சதுக்குக் கேட்டான், குடுத்தோம். பொறக்காததுக்கும் கேக்கறானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். அந்த மாதம் பேரரசுக்குச் செல்ல வேண்டிய வரிவண்டி புறப்படவேயில்லை. விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இருபத்து நான்காவது கல்லை வைத்தான். படகு ஓசையின்றி இறங்கியது.

அதன் பிறகு மாலைதோறும் இடுப்பளவு நீரில் நடந்து சென்று, மூழ்கிய படகைக் காலால் துழாவிப் பார்ப்பது அவன் வழக்கமாயிற்று. படகைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டான். எதிர்க்கரையின் துவைகல்லில் மனைவி துணி துவைப்பாள். முகம் தெரியாத தொலைவு. ஆயினும் ஒவ்வொரு துணியையும் மூன்று முறை உதறிக் காயப்போடுபவள் உலகில் அவள் ஒருத்திதான் என்று அவன் நம்பினான். இருபதாம் நாள் அவள் வரவில்லை. மாமியார் வந்தாள். அதற்கு மறுநாள் கொடியில் சின்னஞ்சிறு வெள்ளைத் துணிகள் ஏழு ஆடின.

"ஏழு இருந்துச்சுக்கா," என்று வீட்டுக்கு ஓடிவந்து அக்காளிடம் மூச்சிரைக்கச் சொன்னான்.

"அத்தனை நனைக்குதுன்னா வயிறு முட்டப் பால் குடிக்குதுன்னு அர்த்தம். கண்ணத் தொடச்சுக்க."

"ஆணா, பொண்ணாக்கா?"

"துணியப் பாத்து அதையும் சொல்லணுமா நான்? நீச்சல் கத்துக்கடான்னு எத்தனை தடவ தலதலயா அடிச்சுக்கிட்டேன். நீந்தத் தெரிஞ்சவனுக்குப் படகு எதுக்குன்னு பெரிய இவனாட்டம் பேசுன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொறந்த கொழந்த எவ்வளவுக்கா கனக்கும்?" என்றான்.

"நீ ஒரு பூசணிக்கா கனம் இருந்த. மண்ட இன்னைக்கும் அப்படித்தான்," என்றாள். பிறகு குரல் தணிந்து, "தூக்கினாத்தான்டா தெரியும்," என்றாள்.

நாற்பதாம் நாள் மாலை அவன் முதன்முறையாக நீருக்குள் தலையை அமிழ்த்தினான். மூச்சடக்கிக் கைகளால் துழாவி, மேலே கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தான். உள்ளே நீர் நிறைந்திருந்ததால், பதினான்கு கற்களை எடுத்தால்தான் படகு மிதக்கும். மிதந்தால் கால் நாழிகையில் அக்கரை. ஆனால் அங்கே போய்ச் சேரும் படகு, படையின் படகாகிவிடும். பிறகு இக்கரையில் தலைவரும் இல்லை, அக்காளும் இல்லை. கரைமேட்டில் காவலர்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனை யாரும் கவனிக்கவில்லை.

எதிர்க்கரையில் அவள் மெல்லப் படியிறங்கி வந்தாள். துவைக்கத் துணி ஏதும் கொண்டுவரவில்லை. ஆற்றை நோக்கி நின்று, மார்போடு அணைத்திருந்த சிறு மூட்டையை இரு கைகளாலும் உயர்த்தினாள். கை வலித்திருக்கும், ஆயினும் இறக்கவில்லை.

அவன் அசையாமல் நின்றான். பாசி படிந்த கல்லிலிருந்து நீர் அவன் வயிற்றின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது அப்படி மாற்றிப் பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது: கல்லின் பருத்த முனை இடது முழங்கை மடிப்பில் சாய்ந்திருந்தது, வலது உள்ளங்கை அதன் அடியைத் தாங்கியிருந்தது.