அம்பு ஒட்டிய கை

விளக்கு. விளக்கின் மேல் கண்ணாடி. கண்ணாடியின் மேல் வெள்ளைத் துணி. நிற்காமல் ஓடும் துணி.

கோகிலவாணியின் கண்ணுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருடம் துணி பார்த்தவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு. எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள்.

இப்போது அங்கே கேமரா பார்க்கிறது. அதற்குக் கண் எரியாதாம். டீ குடிக்கப் போகாதாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்காதாம். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

வேலை போன பிறகும் இவள் கண் நிற்கவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சட்டை மேல் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மழை மேல் ஓடியது. சுவிட்சைத் தட்டி நிறுத்த அது என்ன மெஷினா?

அலைந்து திரிந்து ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. இதுவும் போனால் மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றுவிடும். சேர்த்துக்கொள்ளும்போதே முதலாளி சொல்லிவிட்டார்.

"நீங்க எடுத்துப் போட்டாப் போதுங்கக்கா. பாக்கறது வாங்கறவங்க பாடு."

முதல் நாள் காலை. குளித்ததும், பழக்கதோஷம், பையில் கிடந்த ஸ்டிக்கர்களை இடது மணிக்கட்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். கம்பெனியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஓடுகிற துணி, ஸ்டிக்கரைத் தேட நேரம் தராது.

கடைக்கு வெளியே மழை. உள்ளே ஒரு பெண் டாப்ஸ் ஒன்றை டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். நாளைக்கு முதன்முதலாக வேலைக்குப் போகிறாளாம்.

"நல்லா இருக்குதுங்களாக்கா?"

தோளில் ஊசிக்கோடு. கோகிலவாணி வாயை இறுக மூடிக்கொண்டாள். வாய் சொன்னபடி கேட்டது. கை கேட்கவில்லை.

தோளில் சிவப்பு அம்பு. அந்தப் பெண் பார்த்தாள். முதலாளி பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தாலாவது அழுதிருப்பாள்.

பஸ் ஸ்டாப். விளம்பரப் பலகையின் விளக்கு. விளக்குக்கு முன்னால் மழை, வெள்ளையாக, நிற்காமல் ஓடியது. கண்ணும் அதன் பின்னாலேயே ஓடியது.

நனைந்த மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்டிக்கர் மிச்சம். மற்றதெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதன் முனை அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஆத்திரமாக வந்தது அவளுக்கு. எங்கே? எது? காட்டு பார்ப்போம்.

கையை விளக்குக்கு நேரே நீட்டினாள். விரல். நகம். நரம்பு. துணி பார்த்த அதே கண்ணால், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு குறையும் இல்லை.