மண்டியிட்ட கால்

முட்டி மாற்று அறுவை முடிந்து தெக்லா வீடு திரும்பிய இரண்டாம் வாரம், அவளுடைய இடது கால் அவளைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கல்லறைத் தோட்டம்வரை போய்வந்தது. பட்டப்பகல். மனிட்டோபாவின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் பார்த்தார்கள். லாரி ஒன்று போகும்வரை கால் சாலையோரம் நின்று, அப்புறம்தான் கடந்தது என்று கூட்டுறவுக் கடைக்காரர் சொன்னார். திரும்பிவந்து தொடையில் பொருந்திக்கொண்டபோது பாதம் சில்லிட்டிருந்தது.

அவள் புருஷன் நெஸ்டர் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார். அறுவைக்கான தேதி வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்தது. வேண்டாமென்றால் வரிசையின் வாலுக்குப் போகவேண்டியதுதான். நெஸ்டருக்கோ அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "போயிட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. தெக்லா பெட்டியை மூடிக் கிளம்பிவிட்டாள். வின்னிபெக் ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் இங்கே அவர் உயிர் போய்விட்டது. பின்னாலேயே காய்ச்சல் கண்டு, டாக்டர்கள் அவளை விடவில்லை. அவளில்லாமலே அடக்கம் நடந்தது. அந்த உக்ரேனியர் ஊரில் சவப்பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவரும் குனிந்து முத்தமிட்டு, இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரன்கூடக் கேட்டான். கட்டின பெண்டாட்டி கேட்கவில்லை. ஐயோ, அதை நினைத்து நினைத்தே அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த பீட்ரூட் சூப்பும் முட்டைக்கோஸ் சுருளும் அப்படியே ஆறிக்கிடந்தன.

பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் எவ்வளவு அழுத்தியும் அந்த முட்டி மடங்கவில்லை. ஆனால் கல்லறையில் அது மண்டியிட்டிருந்ததைப் பாதிரியார் தம் கண்ணால் பார்த்திருந்தார்.

"இங்க மடக்குன்னா மடக்காது, அங்க போயி அழகா மண்டி போடுதாமே!" என்றாள் நாத்தனார் பராஸ்கா. "உங்களுக்கேத்த காலுதான் அண்ணி."

"நான் போக முடியாம கிடக்கேன், அது மட்டும் போயிட்டு வருது. வந்து ஒரு வார்த்தை சொல்லுதா பாரு" என்று தெக்லா குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நாற்பதாம் நாள் பூசை கல்லறையில். சர்ச்சில் இரவல் வாங்கிய வாக்கர் தோட்டத்து வாசலிலேயே பனியில் சிக்கிக்கொண்டது. காலுக்குப் பொறுக்கவில்லை, கழன்று முன்னே போய், மண்மேட்டருகே மண்டியிட்டது. தெக்லா பராஸ்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய ஒற்றைக் காலால் தத்தித் தத்தி அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நெஸ்டர், போகாதேன்னுதான் நீ சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டே. எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சேதான் போனேன். மன்னிச்சிடுய்யா."

பூசை முடிந்து, சாப்பாட்டுக்குப் போக எல்லோரும் காத்திருந்தார்கள். கால் எழவில்லை. பாதிரியார் மெல்ல இருமிப் பார்த்தார்.

"எழுந்திரிக்கச் சொல்லுங்க அண்ணி, எல்லாரும் குளிர்ல நிக்கிறாங்க."

"விடும்மா. உங்கண்ணனுக்குக் கோவம் ஆற எவ்வளவு நாளாகும்னு உனக்குத் தெரியாதா? அது இருந்து கேட்டுட்டு வரட்டும்."

தெக்லா ஒற்றைக் காலோடு வீடு திரும்பி, அப்படியே வீட்டுவேலைகளைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். வாக்கரைச் சர்ச்சில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கோடையில் கல்லறையில் புல் வெட்ட வருகிறவர், அந்தக் காலை மட்டும் சுற்றிக்கொண்டு வெட்டிவிட்டுப் போகிறார்.