எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பெண்ணின் நிமிர்ந்த கழுத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு...

(வேண்டாம். அந்தப் பெண், ஆச்சிப்பிள்ளைக்கு நிலவு பார்க்க நேரமில்லை.)

மறுபடி. 1934. புளியந்தீவுக் கோட்டில், நீதவான் முன்னால், மண்டூர்க் கோணாமலை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். ஆளுக்கு முப்பது வயது, புத்திக்கு ஐந்து என்று ஊர்... (அடித்துவிட்டேன். அப்படிச் சொல்பவர்களோடு அவன் அக்கா ஆச்சிப்பிள்ளை பேசுவதில்லை.) அவனுக்கு எதுவும் மெல்லத்தான் விளங்கும். அவ்வளவுதான்.

எருமைக்கன்று ஒன்றைக் களவெடுத்தானாம். "களவெடுத்தியா?" என்று ஊர் அதிகாரி விதானை கேட்டார். "ஓம்" என்றான். பொலிஸ் கேட்டது. அதற்கும் "ஓம்."

பெரியவர்கள் எதைக் கேட்டாலும் ஓம், ஆமாம் என்றே சொல்ல வேண்டும் என்று பழக்கியவள் ஆச்சிப்பிள்ளைதான். தம்பி மரியாதையான பிள்ளை என்று பெயரெடுக்கட்டும் என்று நினைத்தாள். இப்போது அந்த மரியாதையே அவனை மறியலில் கம்பிக்குப் பின்னால் அடைக்கப் பார்க்கிறது.

2

எழுதிக் கிழித்த காட்சி: ஆச்சிப்பிள்ளை எழுந்து, "இந்தப் பழைய ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டினதும் நீதானா எண்டு அவனைக் கேளுங்க ஐயா" என்கிறாள். கேட்கிறார்கள். "ஓம்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வழக்குத் தள்ளுபடி.

நல்ல காட்சிதான். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கோணாமலையும் கூடச் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். அதை எழுதியதும் கை ஓடவில்லை. தம்பியைக் கோமாளியாக்கி மீட்க அவள் வாவி கடந்து தோணி ஏறி வரவில்லை.

3

ஆகவே இப்படி.

"அவனுக்குப் பக்கத்தில நான் நிக்கோணும் ஐயா," என்றாள். மொழிபெயர்க்கும் துவிபாஷி முகம் சுளித்தார். நீதவான் நிற்க விட்டார்.

"களவெடுத்தியா எண்டு கேக்காதீங்க. என்ன நடந்த எண்டு கேட்டுப்போட்டுப் பொறுங்க."

பொறுத்தார்கள். அதுவரை அவனுக்காக யாரும் பொறுத்ததில்லை.

"சேறு," என்றான் கோணாமலை. அக்காவைப் பார்த்தான். "எருமைக்கண்டு கத்தின. சேத்தில தாண்டு போகுது. கயிறு போட்டு இழுத்தன்." இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டினான். "தாயைக் காணல்ல. கண்டோட தேடிப் போனன். விதானை வந்தார்."

(கன்றின் சொந்தக்காரர் அழகரத்தினம், அதைக் கழுத்துவரை சேறோடுதான் கண்டதாக முணுமுணுத்தார். அதை அவரிடமும் அதுவரை யாரும் கேட்கவில்லை.)

நீதவான் கடைசியாக ஒருமுறை கேட்டார்: "களவெடுத்தாயா?"

கோணாமலை அக்காவைத் தேடினான். ஒரு தலையசைப்புப் போதும். ஆச்சிப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பதில் அவனுடையதாக இருக்க வேண்டும்.

"இல்ல," என்றான்.

பெரியவர் ஒருவருக்கு அவன் சொன்ன முதல் 'இல்லை' அது. ஆச்சிப்பிள்ளையின் கழுத்து நிமிர்ந்தது. எழுதிய எனக்கும் பெருமை தாளவில்லை.

4

தீர்ப்பா? நான் எழுதப்போவதில்லை. நீதவானின் கதிரையில் நீங்கள் ஏறி உட்காருங்கள். அவனிடம் இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள்.

கேட்டுவிட்டுப் பொறுங்கள்.