யார்டு வேன்

பார்ஜ் புறப்பட்ட அன்று யார்டில் எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தார்கள். கேட்டுக்கு வெளியே வேனோடு காத்திருந்த மணியத்துக்கும் இரண்டு பொட்டலம் வந்தது. அந்த யார்டில் ஒன்றரை வருடமாகப் பற்றவைத்துச் சாயம் அடித்த இரும்புக் கோபுரம் ஒன்று, கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற இடத்துக்குப் பார்ஜின் தட்டையான மேல்தளத்தில் படுத்த வாக்கில் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் கரையில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். வீடு திரும்பும்போது வேன் முழுக்க மசாலா வாசம். அந்த யார்டிலிருந்து போகிற கடைசிக் கோபுரம் அதுதான் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

மணியம் லிங்கிக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வசிப்பவர். தோட்டத்து ஆட்களைப் போர்ட்டிக்சன் கடலோர யார்டுக்கு ஏற்றிப்போய் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவது ஒன்பது வருடமாக அவர் தொழில். அந்த ஓட்டத்தை வாங்கிக் கொடுத்தவர் புவனேஸ்வரன். இருவரும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். புவனேஸ்வரன் குழாய் வெல்டர். அவர் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் ஊசி முனையளவு ஓட்டை இருக்காது என்று யார்டில் பேர் வாங்கியவர். "நம்ம ஆளுங்களுக்கு ஒரு வேன் போடுங்க, என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான்" என்று அவர் கேட்டபோது மேனேஜர் மறுபேச்சு பேசவில்லை.

எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்னபோது மணியத்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீசல் மலிவாகும் அல்லவா? மூன்று மாதத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் புதுக் கோபுரமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டன. யார்டில் முதலில் வங்காளதேசத்து ஆட்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்து சாயம் அடிப்பவர்கள், அதற்கடுத்து சாரம் கட்டுபவர்கள். வேனில் வாரத்துக்கு ஒரு இருக்கை காலியானது. யார்டு கேட்டுக்கு எதிரே நாசி லெமாக் சோறு விற்ற மலாய்க்கார அம்மா ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு போனவர் பிறகு வரவே இல்லை. வெளியூர் ஆட்கள் தங்கியிருந்த வாடகை வீடுகளின் கேட்டில் துரு ஏறியது. சாரம் கட்டிய புனிதன் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் போய், செம்பனைக் குலை வெட்டுகிற வேலை கேட்டான். அவன் அப்பா முப்பது வருடம் செய்த வேலை அது. இரண்டே நாளில் தோள்பட்டை வீங்கிப்போய் வீட்டில் படுத்துக்கொண்டான்.

புவனேஸ்வரனைக் கடைசி வரை வைத்திருந்தார்கள். கடைசி இரண்டு வாரம் வேனில் அவர் ஒருவர் மட்டும் போய் வந்தார். யார்டில் என்ன வேலை என்று மணியம் கேட்டதற்கு, "சும்மா இரும்ப அடுக்கி வைக்கிறேன்" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை தன் வெல்டிங் மாஸ்க்கையும் கையுறைகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.

மறுவாரம் மணியம் வேலை தேடிச் சுற்றினார். வேலை அவருக்கல்ல, வேனுக்கு. செனாவாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஆள் கொண்டுவந்தால் ஓட்டம் தருகிறோம் என்றார்கள். அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆண்கள் யாரும் பிடிகொடுக்கவில்லை. "கையுறை போட்டு வேல செஞ்சவன் நானு. கையுறைய எண்ணி டப்பாவுல போடச் சொல்றியா?" என்று சிரித்தார் ஒருவர். சம்பளமும் பழைய சம்பளத்தில் பாதிகூட வராது. யார்டு திரும்பத் திறக்கும் என்ற நம்பிக்கை வேறு எல்லோருக்கும் இருந்தது.

ஆனால் அன்று சாயங்காலமே மோகனா என்ற பெண் வந்து இடம் கேட்டாள். அவள் புருஷன் சாயம் அடித்தவன். அடுத்த நாள் புனிதனின் மனைவி. மூன்றாம் நாள் காலை, கடைவாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரனின் மனைவி தனலெட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒரு சீட் வைங்க."

மணியம் துணியைக் கீழே போட்டார். "புவனேஸ்வரன்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிக்கிறேன்ணே. திங்கக்கெழமையா?"

"திங்கக்கெழமைதான். அஞ்சரைக்கு. ஆனா அவன்கிட்ட..."

"சொல்லிக்கிறேன்னு சொன்னேன்லண்ணே" என்றவள், முட்டை வாங்க வந்தவளைப் போலக் கடைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு பெண்கள் ஏறினார்கள். ஆண்கள் போன காலத்தில் வேன் தூங்கிக்கொண்டே போகும். குறட்டைச் சத்தம்தான் கேட்கும். பெண்கள் ஏறிய நாளிலிருந்து ஒரே பேச்சு. யார் வீட்டில் அரிசி ஊறப்போட மறந்தது, எந்தப் பிள்ளை பள்ளிக்கு எந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு போகும் என்று செனாவாங் வரும்வரை ஓயவில்லை. தனலெட்சுமி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தாமான் முனையில் புவனேஸ்வரன் ரோட்டின் நடுவே நின்றிருந்தார். மணியம் பிரேக் போட்டார். புவனேஸ்வரன் வந்து வேனின் கதவைத் தானே இழுத்துத் திறந்தார்.

"என் பேர சொல்லித்தானடா உனக்கு யார்டு ஓட்டம் கெடச்சிச்சி? இப்ப என் பொண்டாட்டியையே ஏத்திக்கிட்டுப் போறியா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மணியம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தனலெட்சுமி பையை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள். புருஷனைத் தாண்டி நாலு அடி நடந்தவள் திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் வருவேண்ணே" என்று மணியத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியற்காலை அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்துவதா வேண்டாமா என்று மணியத்துக்குப் பெரிய போராட்டம். கடைசியில் இரண்டு வீடு தள்ளி நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. தனலெட்சுமி தானே நடந்து வந்து ஏறினாள். அவள் வீட்டு முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிரில்லுக்குப் பின்னால் ஒரு உருவம் தெரிந்தது. வேன் நகர்ந்ததும் விளக்கு அணைந்தது.

அதன் பிறகு புவனேஸ்வரன் மணியத்தோடு பேசவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆடித் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தபோது எழுந்து வேறு வரிசைக்குப் போனார். நாற்பது வருடத்துச் சிநேகம். மணியம் அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோமோ என்ற பயம்.

வேனில் நடக்கிற பேச்சிலிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஆண்கள் சமைக்கத் தொடங்கியிருந்தார்கள். மோகனாவின் புருஷன் கோழியைக் கழுவாமலே குழம்பில் போட்டதைச் சொல்லி வேனே அதிரச் சிரித்தார்கள். தனலெட்சுமி அந்தச் சிரிப்பில் சேரவில்லை. வீட்டைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. நான்கு மாதம் கழித்து ஒருநாள், எல்லோரும் இறங்கிய பிறகு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, எங்க பெக்டரியில மெஷின் செயினு, கம்பிச் சட்டமெல்லாம் அடிக்கடி உடையுது. வெல்டர் ஒருத்தர் தேடுறாங்க. நான் சொன்னா அவரு எந்திரிச்சிப் போயிடுவாரு. நீங்க சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னா அடிக்கவே வருவான்மா."

"அடிச்சா அடிக்கட்டும். பேசவாவது செய்வாருல்ல."

மறுநாள் காலை செனாவாங்கில் பெண்களை இறக்கிவிட்டு மணியம் நேராகப் புவனேஸ்வரன் வீட்டுக்குப் போனார். வீட்டுக்குப் பக்கவாட்டில் புவனேஸ்வரன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்தது தனலெட்சுமியின் நீலநிறத் தொழிற்சாலைச் சட்டை. மணியத்தைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு உதறிக் கொடியில் போட்டு, காலரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார்.

"என்னா?" என்றார்.

மணியம் வேலையைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார். வாயில் வந்ததோ வேறு. "நீ அன்னிக்குத் திட்டுனது சரிதான்லா. ஒன்ன கேட்டிருக்கணும். வண்டி காலியா ஓடறப்ப எனக்குப் பயம் வந்துடுச்சி. யாரு ஏறுனாலும் போதும்னு ஏத்திட்டேன்."

புவனேஸ்வரன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்டா" என்றார்.

"என்னா தெரியும்?"

"அவ அன்னிக்குக் காலைல எந்திரிச்சது, குளிச்சது, சட்ட மாட்டுனது எல்லாம் தெரியும். நான் முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். தூங்கற மாதிரி நடிச்சேன். நிப்பாட்டணும்னா அப்பவே நிப்பாட்டிருக்கலாம். போனா போகட்டும், இந்த மாசம் ஓடிடும்னு நெனச்சிட்டேன்டா. அப்படி நெனச்சது எனக்கே தாங்கல. அதான் சாங்காலம் ஒன் மேல பாஞ்சேன்."

மணியம் வாளியில் மிச்சமிருந்து தரையில் கொட்டிக் கிடந்த துணிகளில் ஒன்றை எடுத்து உதறினார். புவனேஸ்வரனும் எழுந்தார். இருவருமாக மிச்சத் துணிகளைக் காயப்போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மணியம் வேலை விஷயத்தைச் சொன்னார்.

"செயின் ஒட்டுற வேலையா?" புவனேஸ்வரன் முகம் சுளித்தார். "இன்னும் மூணு வாரத்துல ஆறு மாசம் ஆவுது. குழாய் வெல்டிங் அடிக்காம ஆறு மாசம் போனா என் சர்ட்டிபிகேட் செத்துடும். மறுபடி டெஸ்ட் குடுக்கணும்."

"அங்க அடிச்சா சர்ட்டிபிகேட்டுக்கு ஆவுமா?"

"ஆவாதுலா. அது வேற இது வேற."

"அப்ப வேணாமா?"

புவனேஸ்வரன் உள்ளே போய் இரண்டு கோப்பை கோப்பியோடு வந்தார். சர்க்கரை அதிகம். மணியம் முழுதும் குடித்தார். கிளம்பும்போது புவனேஸ்வரன் கேட்டார்: "அஞ்சரைக்கா வேனு?"

மறுநாள் தனலெட்சுமிக்குப் பின்னால் புவனேஸ்வரனும் வந்தார். பெண்கள் நிறைந்திருந்த வேனைப் பார்த்துக் கதவருகே தயங்கினார். மணியம் முன்பக்க இருக்கையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு இடம் காட்டினார். வேனில் திடீரென்று எல்லோரும் அடங்கிப்போனார்கள். லிங்கி பாலம் தாண்டும்வரை ஒரு சத்தமில்லை. மோகனாதான் முதலில் பொறுமை இழந்தவள். பிள்ளைக்குப் பல் ஆடுகிற கதையை ஆரம்பித்தாள். பிறகு வேன் வழக்கம்போல ஆகிவிட்டது.

தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு இரும்புப் பட்டைகளைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னார்களாம். ஒட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேனேஜர் அதைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாராம். மூன்று மாத ஒப்பந்தம். சம்பளம் யார்டில் வாங்கியதில் பாதி. யார்டு திறக்கவில்லை, அந்த இடத்தைப் பழைய கண்டெய்னர்கள் வைக்க யாரோ எடுத்துக்கொண்டார்கள். புனிதன் ஜொகூர்ப் பக்கம் ஏதோ கட்டுமானத்துக்குப் போய்விட்டான். அவன் மனைவி வேனில்தான் வருகிறாள்.

புவனேஸ்வரன் வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை மணியம் தொழிற்சாலைக் கேட்டருகே வேனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காவல் அறையில் புது ஆட்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும். நேப்பாளக் காவலாளி சொன்னபடி புவனேஸ்வரன் கட்டைவிரலை வைத்தார். கருவி சிவப்பு விளக்குக் காட்டியது. ஆள்காட்டி விரலை வைத்தார். அதற்கும் சிவப்பு. இருபது வருடம் தீப்பொறி பட்டுப் பட்டு அவர் விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பின்னால் வரிசை நீண்டது. அவர் கையை இழுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார்.

வரிசையில் நின்ற தனலெட்சுமி முன்னால் வந்தாள். அவர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, தன் சட்டை நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்தாள். வலது கையில் எதுவும் எடுபடவில்லை. இடது கையைப் பிடித்தாள். சுண்டுவிரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது.

"சரி, போங்க" என்றாள் அவள்.

இருவரும் உள்ளே போனார்கள். மணியம் வேனைத் திருப்பினார்.